கரன்ட் பில் வெப்சைட்... உங்க அம்மா தனியா கட்டிடுவாங்களா?

"தம்பி, கரன்ட் பில் வந்திருக்குடா... போன்ல கொஞ்சம் கட்டி விட்டுடேன்!"

ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வராத வீடு குறைவு. நாமும் கேன்டீன் வரிசையில் நின்றபடியே ஜிபேயைத் திறந்து, அரை நிமிஷத்தில் கட்டிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவோம். வேலை முடிந்தது. மின்வாரியத்தின் வெப்சைட் எப்படி இருக்கிறது, அதில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய தேவையே நமக்கு வருவதில்லை.

ஆனா ஒரு கேள்வி. குடும்ப குரூப்பில் தினமும் காலையில் பூ படம் அனுப்பத் தெரிந்த அம்மா, யூடியூபில் தேடி ரசப்பொடி அளவு பார்க்கத் தெரிந்த அம்மா, பில் கட்ட மட்டும் ஏன் நம்மைக் கூப்பிடுகிறார்? "அவங்களுக்கு இந்த ஆன்லைன் எல்லாம் வராது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வாட்ஸ்அப் வந்ததே, அது மட்டும் எப்படி வந்தது? வராதது அம்மாவுக்கா, வெப்சைட்டுக்கா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு பொதுச்சேவை வெப்சைட்டை எப்படி எடைபோடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டாம். கையில் போன் இருந்தால் போதும்.

வேற கடைக்குப் போக முடியாது பாஸ்!

சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப் சொதப்பினால் என்ன செய்வோம்? அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு இன்னொன்றுக்குப் போய்விடுவோம். அந்த பயம் இருப்பதால்தான் அந்த கம்பெனிகள் ஒரு பட்டனின் நிறத்துக்குக்கூட அத்தனை மெனக்கெடுகின்றன. மின்சாரத்தில் அந்தக் கதையே இல்லை. வீட்டுக்கு வருவது ஒரே வயர். வெப்சைட் பிடிக்கவில்லை என்று யாரும் வேறு வாரியத்துக்கு மாறிவிட முடியாது. அதனால் மோசமான டிசைனால் வாரியத்துக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் குறையப்போவதில்லை. பிரவுசிங் சென்டரில் கொடுக்கிற சர்வீஸ் சார்ஜ், பிரிவு அலுவலகத்தில் போகிற அரை நாள் கூலி என்று அதன் செலவு முழுக்க மக்கள் தலையில்தான்.

"நமக்குத்தான் ஜிபே இருக்கே" என்பீர்கள். ஜிபே, போன்பே மாதிரி ஆப்களுக்குப் பின்னால் இருப்பது பாரத் பில் பேமென்ட் சிஸ்டம். அது பில் தொகையை வாங்கிக் காட்டும், பணத்தைக் கட்டும். அத்தோடு சரி. பெயர் மாற்றம், புது இணைப்பு, வீட்டு இணைப்பைக் கடை இணைப்பாக மாற்றுவது எல்லாத்துக்கும் வாரியத்தின் தளத்துக்குத்தான் போகணும்.

2022 நவம்பர் ஞாபகம் இருக்கா? மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்ன நேரம். ஆன்லைனிலேயே செய்துகொள்ளும் வசதி இருந்தது. ஆனாலும் பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம் போட வேண்டிவந்தது, கடைசித் தேதியும் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி வரை போனது. எல்லாவற்றுக்கும் வெப்சைட்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. வாடகை வீடு, இறந்துபோன தாத்தா பேரிலேயே இருக்கிற இணைப்பு என்று நிஜமான சிக்கல்களும் இருந்தன. ஆனால், "உங்க நிலைமை இதுவா? அப்போ இதைச் செய்ங்க" என்று முதல் திரையிலேயே பிரித்துச் சொல்லியிருந்தால், அந்த வரிசையில் நின்றவர்களில் ஒரு பகுதியாவது வீட்டிலேயே முடித்திருப்பார்கள்.

அழகே இல்லாமல் விருது வாங்கிய தளம்

டிசைன் என்றதும் நிறம், படம், அனிமேஷன் ஞாபகத்துக்கு வருகிறதா? முதலில் அதை மறந்துவிடுங்கள். பிரிட்டன் அரசின் ஜிஓவி டாட் யூகே தளத்தை ஒருமுறை போனில் திறந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பெரிய தலைப்பு. பார்த்தால், 'இதுக்கு எதுக்கு டிசைனர்' என்று தோன்றும். 2012 அக்டோபரில் தொடங்கிய இந்தத் தளத்துக்கு 2013-ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் 'டிசைன் ஆஃப் தி இயர்' விருது கிடைத்தது.

அங்கே பொது விடுமுறைகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. திறந்ததும் அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது பெரிய எழுத்தில் வந்துவிடும். துறையின் வரலாறு, அமைச்சர் போட்டோ, ஓடுகிற அறிவிப்பு எதுவும் கிடையாது. வருகிறவர் எதற்காக வந்தார் என்று யோசித்து, அதை முதலில் கொடுத்துவிடுகிறார்கள்.

இதே கண்ணோடு நம்மூர் மின்வாரியத் தளத்துக்கு வருவோம். ஒருவர் அங்கே எதற்கு வருவார்? பில் எவ்வளவு, கடைசித் தேதி எது, கரன்ட் எப்போ வரும், புகார் சொல்ல எந்த நம்பர். பெரும்பாலும் இந்த நாலுதான். முதல் திரையில் விரலால் தள்ளாமல் இந்த நாலும் கிடைக்கிறதா என்று பாருங்கள். டெண்டர் அறிவிப்புகளும் நிர்வாக இயக்குநர் பட்டியலும் தப்பில்லை. அதற்கென வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கோடிக்கணக்கான வீட்டுக்காரர்களுக்கு அடுத்துத்தான் அவர்கள்.

நல்லது இருந்தால் அதையும் சொல்லணும். லாகின் இல்லாமலேயே பில் கட்டுகிற 'குயிக் பே' என்ற வழியை நம்ம வாரியத்தின் தளம் வைத்தது உருப்படியான முடிவு. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் இடத்துக்கு யார் பாஸ்வேர்டு ஞாபகம் வைத்திருப்பார்கள்? பில் கால்குலேட்டரும் அப்படித்தான், வைத்தது நல்ல விஷயம்.

நம்பர் எங்கே இருக்கு?

பெரும்பாலானோர் தடுக்கி விழுகிற முதல் இடம் இணைப்பு எண். பல வீடுகளில் மீட்டர் பெட்டி பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டையில், கணக்கெடுப்பவர் பேனாவில் எழுதிய எண் இருக்கும். பிரிவு, பகிர்மானம், இணைப்பு எண் என்று மூன்று துண்டு. ஆன்லைனில் போனால் அதற்கு முன்னால் மண்டல எண்ணும் வேண்டும். சென்னை தெற்குக்கு 09, கோவைக்கு 03, மதுரைக்கு 05, நெல்லைக்கு 07 என்று போகும். அம்மா கையில் அட்டையை வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை உள்ளபடியே அடிப்பார். 'தவறான எண்' என்று வரும். திரும்ப அடிப்பார். திரும்பவும் அதே.

அட்டையில் உள்ளது ஒன்று, கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பது இன்னொன்று. நடுவில் இருக்கிற இடைவெளியை யார் நிரப்புவது? நல்ல டிசைனில் அது தளத்தின் வேலை. 'உங்க ஊர் எது?' என்று கேட்டு மண்டல எண்ணை அதுவே போட்டுக்கொள்ளலாம். அட்டையின் படத்தைப் போட்டு, எந்த இடத்தில் எந்த எண் என்று வட்டம் போட்டுக் காட்டலாம். நடுவில் இடைவெளி விட்டாலும் கோடு போட்டு அடித்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். இது எல்லாமே சில மணி நேர புரோகிராமிங் வேலை. அதைச் செய்யாமல் விட்டால், அதே உழைப்பை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை செய்துகொண்டே இருக்கணும்.

எர்ரர் மெசேஜைத் தனியாக கவனியுங்கள். 'தவறான எண்' என்பது திட்டு. 'மொத்தம் இத்தனை இலக்கம் வேணும், நீங்க இத்தனைதான் போட்டிருக்கீங்க, முன்னால மண்டல எண் விட்டுப்போயிருக்கலாம்' என்பது உதவி. ஒரு தளத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி, வேண்டுமென்றே தப்பான எண்ணை அடித்துப் பார்ப்பதுதான். எல்லாம் சரியாகப் போகும்போது எல்லா தளமும் நல்ல தளம்தான்.

'சமர்ப்பிக்கவும்'

அடுத்தது வார்த்தைகள். பில் விவரத்தில் 'சிசி சார்ஜ்' என்று இருக்கும். கரன்ட் கன்சம்ப்ஷன் சார்ஜ், அதாவது நீங்கள் எரித்த கரன்ட்டுக்கான காசு. வீட்டு இணைப்பு 'எல்டி 1ஏ' என்ற வகையில் வரும். 'எல்டி' என்றால் தாழ்வழுத்தம். வாரியத்துக்குள் வேலை பார்ப்பவருக்கு இவை அன்றாடப் பேச்சு. வெளியே இருப்பவருக்கு? தன் வீடு எந்த டாரிஃபில் வரும் என்று கேட்டால், இன்ஜினீயரிங் முடித்த பையனும் முழிப்பான்.

'தமிழ்ல போட்டா எல்லாம் சரியாகிடும்' என்று நினைத்தால் அதுவும் பாதிதான் உண்மை. நிறைய அரசுத் தளங்களில் வாசலில் தமிழ், உள்ளே போனால் ஆங்கிலம். ஃபார்ம் நிரப்புகிற இடத்தில்தான் மொழி அதிகம் தேவை, அங்கேதான் அது காணாமல்போகும். மொழிபெயர்த்திருந்தாலும் 'சமர்ப்பிக்கவும்' என்று ஒரு பட்டன் நிற்கும். யாராவது வீட்டில், "பில்லை சமர்ப்பிச்சிட்டியா?" என்று கேட்போமா? 'பணம் கட்டு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இன்னொரு சிக்கல், ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளந்து வைத்த பட்டனுக்குள் இந்தச் சொல் அடங்காது. பாதி வெட்டுப்பட்டு, 'சமர்ப்பிக்...' என்று தொங்கும். மேலே இருக்கிற கொக்கியும் கீழே இறங்குகிற சுழியும் அறுபட்டுப்போகும். தமிழை மனதில் வைத்து வரைந்த திரையா, ஆங்கிலத் திரைமேல் தமிழை ஒட்டியதா என்பதை இந்த ஒரு பட்டனை வைத்தே சொல்லிவிடலாம்.

பில்லில் ஒளிந்திருக்கும் 500

வார்த்தை புரியாதது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை, காசும் போகும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டில் இன்னொரு கோடு இருப்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த ரேட்டை வைத்துக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 யூனிட் வரை ஓடினால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, மீதிக்கு 6. மொத்தம் 1,725 ரூபாய். அதே வீட்டில் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், பட்டியலே மாறிவிடும். 101-லிருந்தே 4.50 ரூபாய் கணக்கு. மொத்தம் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பிறகு ரேட் ஏறியிருப்பதால் இன்றைக்குத் தொகை வேறாக இருக்கும். கோட்டைத் தாண்டினால் பட்டியல் மாறும் என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

இப்போ தளத்தைத் திறந்து, போன பில்லைப் பாருங்கள். ஏன் இந்தத் தொகை வந்தது என்று அதைப் பார்த்தே உங்களால் சொல்ல முடிகிறதா? கால்குலேட்டர் இருக்கிறது, உண்மை. ஆனால் 'நீங்க போன தடவை 512 யூனிட், 500-க்குள்ள இருந்திருந்தா இவ்வளவு மிச்சம்' என்று ஒரு வரி சொல்வது கம்ப்யூட்டருக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த ஒரு வரி இருந்தால், கணக்கெடுக்க வருபவர் சில நாள் தாமதமாக வந்து அதனால் கோட்டைத் தாண்டியிருந்தால் கேள்வி கேட்கவும் கையில் ஆதாரம் இருக்கும்.

'பேக் பட்டனை அழுத்தாதீர்கள்!'

சரி, எண் போட்டாச்சு, தொகை வந்தாச்சு, கட்டப் போறோம். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும். 'பின்னால் போகாதீர்கள், ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள், திரையை மூடாதீர்கள்.' கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் பலவீனத்தைத் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பை நம்மிடம் தள்ளிவிடும் எச்சரிக்கை அது.

உள்ளே என்ன நடக்கிறது? மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். உங்கள் பேங்க், நடுவில் பேமென்ட் கேட்வே, கடைசியில் வாரியத்தின் சர்வர். பேங்கிலிருந்து பணம் கிளம்பிவிட்டது. கேட்வேக்குத் தெரிந்துவிட்டது. அது வாரியத்துக்குச் சொல்லணும். சரியாகச் செய்யாத தளங்களில் இந்தத் தகவல் உங்கள் போனின் பிரவுசர் வழியாக மட்டுமே திரும்பிவரும். அந்த நேரம் பார்த்து நீங்கள் லிஃப்ட்டுக்குள் போய் சிக்னல் கட்டானால், வாரியத்துக்கு எதுவும் தெரியாது. பணம் போச்சு, பில் அப்படியே நிற்கும். ஒழுங்காகச் செய்த தளங்களில் கேட்வே நேராக வாரியத்தின் சர்வரிடமே பேசிவிடும். உங்கள் போன் அணைந்துபோனாலும் கணக்கில் ஏறிவிடும்.

அதனால் பணம் கட்டும் இடத்தில் ஒரு தளத்தை எடைபோட, வெற்றித் திரையைப் பார்க்க வேண்டாம். நடுவில் அறுந்தால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'டிரான்சாக்ஷன் ஃபெயில்டு' என்று மட்டும் சொன்னால், பதறிப்போய் அம்மா இன்னொரு முறை கட்டுவார். 'உங்க பேங்க்ல பணம் பிடிச்சிருந்தா கவலை வேண்டாம், திரும்ப கட்ட வேண்டாம், இத்தனை மணி நேரத்துல நிலவரம் இங்கேயே தெரியும்' என்று சொன்னால், அவர் நிம்மதியாகத் தூங்குவார். ரெண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்.

தளம் சொல்லாவிட்டால் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, யுபிஐ வழியாக வணிகருக்குக் கட்டிய பணம் கணக்கில் பிடிக்கப்பட்டு, அந்தப் பக்கம் உறுதியாகாமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்பி வரணும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. யுபிஐ ஆப்பில் இருக்கும் யுடிஆர் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, முதலில் பில் நிலவரத்தை மறுபடி பாருங்கள். உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள்.

கேப்ட்சா பற்றியும் ஒரு வார்த்தை. கோணல்மாணலான எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்வது. ஏதோ ஒரு ரோபோ வந்து நம்ம கரன்ட் பில்லைக் கட்டிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும்! ஆனால் காரணம் இருக்கிறது. இணைப்பு எண்கள் வரிசையாக வருவதால், ஒரு புரோகிராமை எழுதி ஓடவிட்டால் ஊரில் உள்ள அத்தனை பேரின் பெயரையும் பில் தொகையையும் அள்ளிவிடலாம். அதைத் தடுக்கத்தான் இது. தடுப்பு வேண்டும்தான். பார்வையற்றவருக்கும் கண்புரை உள்ள தாத்தாவுக்கும் வேறு வழி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இது ஒரிஜினலா?

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம். 'போன மாச பில் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பரில் அதிகாரியைத் தொடர்புகொள்ளுங்கள்.' 2022-ல் நாடு முழுக்கச் சுற்றிய மோசடி எஸ்எம்எஸ் இது. கூப்பிட்டால் அன்பாகப் பேசுவார்கள். ஸ்கிரீனைத் தூரத்திலிருந்தே இயக்கும் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, 'பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க' என்பார்கள். அதற்குள் பேங்க் கணக்கு காலி.

படித்தவர்களும் ஏன் ஏமாந்தார்கள்? மெசேஜ் சொன்னது நிஜமா என்று சட்டென்று சரிபார்க்க ஓர் இடம் மனதில் பதியாததால். நம்ம வாரியத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-லிருந்து டிஎன்இபி. 2010-ல் டான்ஜெட்கோ. 2024-ல் மறுபடி பிரித்து டிஎன்பிடிசிஎல். நம் வாயில் இன்னும் 'ஈபி'தான். பணம் கட்டும் பக்கம் பல வருடங்களாக டிஎன்இபிநெட் டாட் ஆர்க் என்ற முகவரியில் இருந்தது. புதுப் பெயரில் வந்த முக்கியத் தளமும் டாட் ஆர்க்தான். ஜிஓவி டாட் இன் என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். டாட் ஆர்க்கை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். அப்படியிருக்க, 'டிஎன்இபி பில் அப்டேட்' என்று ஒரு போலி முகவரி வந்தால், அதைச் சந்தேகப்படு என்று அம்மாவிடம் எந்த தைரியத்தில் சொல்வது? அசலுக்கென்று ஓர் அடையாளம் இருந்தால்தானே போலியைப் பிரிக்க முடியும்?

கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தாமல், சரியான முகவரியை நீங்களே ஒருமுறை பார்த்து, அம்மாவின் போன் முகப்பில் ஐகானாகப் போட்டுக்கொடுங்கள். 'பில் எதுவானாலும் இதை மட்டும்தான் தொடணும்' என்று சொன்னால் போதும். மின்னகம் புகார் எண் 94987 94987-ஐ 'ஈபி' என்ற பெயரிலேயே சேவ் பண்ணிவையுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930.

வாயைத் திறக்காம உட்காருங்க!

இப்போ டெஸ்ட். யூசபிலிட்டி ஆராய்ச்சியில் ஜேக்கப் நீல்சன் ரொம்பப் பிரபலம். டாம் லாண்டவரோடு சேர்ந்து அவர் செய்த கணக்குப்படி, ஒரே மாதிரியான ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் குறைகளில் சுமார் 85 சதவிகிதம் வெளியே வந்துவிடும். லட்சக்கணக்கில் செலவு வேண்டாம். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, தெருமுனை டீக்கடை அண்ணன், ரிட்டயர்டு மாமா, பிளஸ் டூ படிக்கிற தங்கை. ஐந்து பேர் ரெடி. இவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பதால் 85-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பெரிய ஓட்டைகள் தப்பாது.

வேலையைச் சொல்லும்போது, 'குயிக் பேயை அழுத்துங்க' என்று சொன்னால் விடையைச் சொன்ன மாதிரி. 'இந்த மாசம் எவ்வளவு வந்திருக்குன்னு பாருங்கம்மா' என்று மட்டும் சொல்லுங்கள். 'ஆறு மாசத்துக்கு முன்னாடி கட்டின ரசீது வேணும்', 'தாத்தா பேர்ல இருக்கிற இணைப்பை உங்க பேருக்கு மாத்த என்னென்ன பேப்பர் வேணும்' என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மனசில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம்தான் கஷ்டமான பகுதி. வாயைத் திறக்கக் கூடாது. 'அங்க கீழ பாருங்க' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் டெஸ்ட் காலி. அவர் எங்கே நிற்கிறார், எதைத் தப்பாக அழுத்துகிறார், எப்போது, 'இது நமக்கு சரிப்பட்டு வராதுப்பா' என்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். பிடுங்கி நாமே செய்துவிடலாம் என்று விரல் துடிக்கும். இத்தனை வருஷமாக அப்படிப் பிடுங்கியதால்தான் தளத்தின் குறை எதுவும் வெளியே வரவில்லை.

தனியாகவும் சில சோதனைகள் செய்யலாம். போன் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தளத்தைத் திறங்கள். பட்டன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், கண்ணாடி போட்டவர்களை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். வெயிலில் நின்று படியுங்கள். சாம்பல் நிற எழுத்து காணாமல்போகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற அளவுகோல். பிறகு டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு பில் கட்டிப் பாருங்கள். 'பட்டன்... பட்டன்... இமேஜ்...' என்று மட்டும் சத்தம் வந்தால், பார்வையற்ற ஒருவருக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கிறது.

இதையெல்லாம் சலுகையாக நினைக்க வேண்டியதில்லை. இந்திய அரசுத் தளங்கள் எப்படி இருக்கணும் என்பதற்கு 2009-லேயே வழிகாட்டி நெறிகள் வந்துவிட்டன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி-யைத் தங்களால் முடிக்க முடியவில்லை என்று வழக்கு தொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அதில் தீர்ப்பு சொன்னபோது, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது.

குறிப்பெடுத்ததை என்ன செய்வது? 'உங்க வெப்சைட் மொக்கை' என்று எழுதினால் படிப்பவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. எந்தப் பக்கம், என்ன அடித்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, போன் மாடல், நேரம், ஒரு ஸ்கிரீன்ஷாட். இவ்வளவும் இருந்தால் ஒரு புரோகிராமர் அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்துவிட முடியும். தளத்தில் இருக்கும் கருத்துப் பக்கத்தில் போடுங்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் முகவரி 1100 இருக்கிறது. எக்ஸ் தளத்தில் டேக் செய்வதாக இருந்தால், ஸ்கிரீன்ஷாட்டில் இணைப்பு எண்ணையும் மொபைல் நம்பரையும் முதலில் மறைத்துவிடுங்கள். அந்தப் பதிவுக்குக் கீழே 'சார், நாங்க கஸ்டமர் கேர்' என்று ஒரு செல் நம்பரோடு ஓடி வருபவர் வாரியத்தின் ஆள் என்று நம்பிவிடாதீர்கள்.